மனக்கலக்கமும் ஆலோசனைச் சிகிச்சையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நமது சமூகத்தார் தேகத்திற்கு ஒரு நோய் வந்தால் பத்துப் பேரிடம் சொல்லிப் பத்து மருந்து கேட்பர். மனத்திற்கு ஒரு நோவு வந்தாலோ வாயிற்கதவைச் சாத்திக்கொள்வர். "வெளியில் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வருமா? பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பர்?" என்பதே அவர்தம் கவலை. இதனால் தீரக்கூடிய துன்பமும் ஆண்டுக்கணக்கில் வளர்கின்றது. ஆதலின் மனக்கலக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லத் துணிந்தோம்.

அச்சம் என்பது இயற்கை நமக்களித்த காவற்காரன். பாம்பைக் கண்டவன் கணத்தில் துள்ளி விலகுவது அதனாலன்றோ? அச்சமயம் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்திற் கலக்கின்றன, நெஞ்சு படபடக்கின்றது, மூச்சு விரைகின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது. ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்ட்டர் கானன் என்னும் பண்டிதர் 1915-ல் வெளியிட்ட நூலில் இம்மாறுதல்களை விளக்கினார். பாம்பு போனபின் இவை அடங்குதல் வேண்டும். பாம்பே இல்லாதவிடத்தும் இவை எழுந்து, உறக்கத்தையும் தொழிலையும் பல மாதங்கள் கெடுக்குமாயின், காவற்காரன் வீட்டாரையே அடிக்கத் தொடங்கினான் என்க. அது நோய், கோழைத்தனமன்று, குலத்திற்கு இழுக்குமன்று.

ஓர் உதாரணம் கூறுவோம். "பரீட்சையில் கேள்வித்தாளைக் கண்டதும் மயங்கி விழுவேன்" என்று ஒரு மாணவன் நடுங்குகின்றான். வயிற்றுவலியென்று சொல்லி ஒருநாள் பள்ளிக்குப் போகாதிருக்கின்றான். உடனே அச்சம் தணிகின்றது. அந்தச் சுகமே மறுநாளும் அவனை வீட்டில் இருத்துகின்றது. விலக விலக அச்சம் வளரும் என்பதே இந்நோயின் சூட்சுமம். வீட்டாரோ, "தைரியமாயிரு" என்கின்றனர். தைரியம் கடையில் விற்கும் சரக்கோ? "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்" என்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதேயாம்.

ஆலோசகர் செய்வது வேறு. முதலில் குறுக்கிடாமற் கேட்கின்றார். பின்னர், அவன் அஞ்சுவதை ஒரு தாளில் எழுதச்செய்து, அதற்குச் சாட்சி யாது, எதிர்ச்சாட்சி யாது என்று அவனையே நியாயாதிபதியாக்கி விசாரிக்கச் செய்கின்றார். அமெரிக்க வைத்தியர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த முறையைத் தழுவியது இது. அதன்பின் முதலிற் பள்ளி வாயில், அடுத்து வகுப்பறை, அப்பால் ஒரு சிறு பரீட்சை எனப் படிப்படியாக அவனை அனுப்புகின்றார். படபடப்பு வந்தாலும் அது தானே தணியும் என்பதை அவன் அனுபவத்தால் அறிகின்றான். பெரும்பாலும் வாரமொருமுறையாகச் சில மாதங்கள் இது நடைபெறும். சிலருக்கு மருந்தும் வேண்டியிருக்கும். தைராய்டு மிகுதியாலும் மிதமிஞ்சிய காப்பியாலும் இக்குறிகள் தோன்றுமாதலின், முதலில் வைத்தியரைக் காண்டல் நன்று.

இரகசியம் வெளிப்படுமோ என்று அஞ்சவேண்டுவதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரங்களைப் பிறரறியாமற் காக்கும் உரிமையை அளித்துள்ளது. இந்திய அரசாங்கத்தார் 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நமது சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். முதலாவது, பிள்ளைகள் தம் கலக்கத்தைச் சொல்லவரும்போது பெற்றோர் புத்திமதியை நிறுத்திச் செவி கொடுப்பாராக. உயிர் வேண்டாமென்று ஒருவர் சொன்னால், அதனை விளையாட்டென்று தள்ளாமல் அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்க. இரண்டாவது, சம்பந்தம் பேசுவோர், ஆலோசனை பெற்றவரென்ற காரணத்தால் ஒரு வரனை ஒதுக்காதிருப்பாராக. நோயை மறைத்தவரினும் அதனைப் போக்க முயன்றவர் குடும்பத்திற்கு ஏற்றவரல்லரோ? மூன்றாவது, குணமடைந்தோர் மனமிருந்தால் தமது அனுபவத்தை இத்தகைய கூட்டங்களில் எடுத்துரைப்பாராக. ஒருவர் பேசினால், மறைவில் வருந்தும் பத்துப் பேர் கதவைத் திறப்பர்.