ஆடு மேய்த்த மந்திரவாதி: ‘தெஹானு’ நாவலை முன்வைத்து ஒரு மறுப்பு

  

உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்ஸீ நாவல்களில் முதல் மூன்றும் 1968க்கும் 1972க்கும் இடையில் வந்தன. நான்காவதான ‘தெஹானு’ 1990இல் வந்தது. அந்த நான்காவது நூலைப் பற்றி நம் துறையில் நெடுநாளாக நடக்கும் வழக்கு உங்களில் பலருக்குத் தெரியும். மூன்றோடு நிறுத்தியிருக்கலாம், பெண்ணியக் கருத்துக்காக ஆசிரியர் தம் நாயகனையே பலிகொடுத்துவிட்டார் என்பது ஒரு கட்சி. பழைய நூல்களில் பெண்களுக்கு இடமில்லாமல் போனதற்கு இது கழுவாய் என்பது மறுகட்சி. இவர்கள் 1992இல் லெ குவின் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையைச் சான்றுக்கு அழைப்பார்கள். ஆனால் ஓரிடத்தில் இரு கட்சியாரும் ஒன்றுபடுகிறார்கள்: 1990இல் வெளியிலிருந்து எதுவோ கொண்டுவந்து ஒட்டப்பட்டது என்கிறார்கள். அதைத்தான் நான் மறுக்கிறேன்.

மூன்றாம் நூலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சாவுக்கும் வாழ்வுக்கும் இடையே திறந்துகிடந்த வாசலை அடைப்பதில் நாயகனான மந்திரவாதி கெட் தன் ஆற்றல் முழுவதையும் செலவழித்துவிட்டான். காலெஸின் என்னும் முதுநாகம் அவனையும் உடன்வந்த இளவரசனையும் ரோக் தீவுக்குச் சுமந்து வருகிறது. அரசனாகப்போகும் அந்த இளவரசனை அங்கே இறக்கிவிட்டுக் கெட் தன் ஊரான கோன்ட் தீவை நோக்கிப் பறக்கிறான். அதன்பின் என்ன ஆயிற்று? ஆசிரியர் இரண்டு விடை தருகிறார். கெட்டின் வீரச்செயலைப் பாடும் பாட்டில், முடிசூட்டு விழாவுக்கு வந்துவிட்டுத் தன் சிறுபடகில் மேற்கே போய் மறைகிறான். கோன்ட் மக்கள் சொல்லும் கதை வேறு. புது அரசன் அவனைத் தேடி வந்தபோது அவன் ஊரில் இல்லை. கால்நடையாக மலைக்காட்டுக்குள் போய்விட்டான் என்கிறார்கள்.

அவைக்கு ஏற்றது பாட்டு. ஊரார் பேச்சில் வருவதோ கால்நடை, காடு, பெயர் தேடாத மனிதன். 1972இலேயே இந்த இரண்டும் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. எது மெய் என்று லெ குவின் அன்று சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டு கழித்து ஊரார் கதையை எடுத்துக்கொண்டார். வாசகர்களுக்குப் பதினெட்டு ஆண்டு. கெட்டுக்கோ ஒரே ஒரு நாகப்பயணம். அவன் இறங்குகிற பாறையில் தெனார் நிற்கிறாள். ஒருகாலத்தில் அட்டுவான் கல்லறைகளின் பூசாரியாக இருந்தவள், இப்போது ஓர் உழவனின் கைம்பெண். அவளிடம் வளர்வது தெர்ரூ, சொந்தத்தாராலேயே தீயில் தள்ளப்பட்டு முகத்தில் ஒரு பாதி வெந்துபோன சிறுமி. தலைமை மந்திரவாதியாக இருந்தவன் இனி ஆடு மேய்க்கிறான். அரசனின் ஆட்கள் தேடி வந்தால் வெட்கத்தால் ஒளிந்துகொள்கிறான். முதன்முறை படித்தபோது நானும் மனம் நொந்துபோனேன், ஒளிக்கவில்லை. ஆனால் மலைக்காட்டுக்குப் போனவன் அங்கே எப்படிப் பிழைத்தான் என்று நாம் கேட்டதே இல்லையே! பாட்டு முடிகிற இடத்தில் நாமும் எழுந்து போய்விட்டோம்.

கடல்மேல் போயிருந்த தெனாரின் மகன் வீடு திரும்புகிறான். உண்ட தட்டை எடுக்கச் சொன்னால் அது பெண்கள் வேலை என்கிறான். இந்த அடுப்படியில் உண்பவர் எவருக்கும் அது வேலைதான் என்பது தாயின் நிலை. பிரசாரம் என்று என் நண்பர்கள் ஒதுக்கும் இடம் இதுதான். ஆனால் முதல் நூலில் ஆசான் ஓகியன் சிறுவனான கெட்டுக்கு மந்திரம் கற்பிக்காமல் மலைவழியே மௌனமாக நடத்திக்கொண்டு போனதை நினைத்துப்பாருங்கள். மழை பெய்தால் நனைந்தார். மந்திரத்தால் அதை விலக்கவில்லை. ஆற்றல் இருந்தும் அதைத் தொடாமல் வாழ்வது என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது. தட்டு வரை வர 1990 ஆயிற்று, அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. ஆஸ்பென் என்னும் தீய மந்திரவாதிக்கு வெறுப்பைத் தவிர உள்ளமே இல்லை. கடைசியில் காலெஸின் வந்து மீட்பது அவசர முடிவு. நாவல் பெற்ற நெபுலா விருது இந்தக் குறைகளை மறைக்காது.

மந்திரிக்கும் மூதாட்டி மாஸ் பற்றித் தனியே பேசவேண்டும், இன்று இயலாது. 2001இல் வந்த ‘வேறொரு காற்று’ நாவலில் இறந்தோர் நாட்டின் கற்சுவர் இடிக்கப்படுவதைத் ‘தெஹானு’வோடு சேர்த்து யாராவது ஆராயலாம். இந்நாவல்களில் வரும் மெய்ப்பெயர் என்ற கருத்தைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்பதும் ஓர் ஆய்வேட்டுக்குப் போதும். ஒரு பக்கம் மனிதரும் மறுபக்கம் நாகங்களுமாக எழுதி, வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டும் ஒன்றாகும் விசிறி ஒன்று ‘தெஹானு’வில் வருகிறது. அதற்கு நான் குறிப்புகள் மட்டுமே எடுத்திருக்கிறேன். கேட்கும் மாணவருக்குத் தருகிறேன்.