வெங்காயம் சொல்லும் சாட்சி



ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீர் கறுத்து நுரைத்து நாற்றத்துடன் ஓடினால், அதைக் கண்டு நாம் விலகிச் செல்கிறோம். அது கெட்ட நீர் என்று சொல்ல விஞ்ஞானி வேண்டியதில்லை. கண்ணும் மூக்குமே போதும். ஆனால், நிறமும் மணமும் இன்றித் தெளிந்து ஓடும் நீரிலும் நஞ்சு கரைந்திருக்கக்கூடும். சில நஞ்சுகள் உடனே கொல்வதில்லை. வயிற்று வலியைக்கூடத் தருவதில்லை. அவை உயிரணுவுக்குள் புகுந்து, பெற்றோர் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் பாரம்பரியச் செல்வத்திலேயே கை வைக்கின்றன. அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். இத்தகைய நஞ்சைக் கண்டுபிடிக்க நம் அடுக்களை வெங்காயம் உதவுகிறது என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

கழிவுநீரில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்பதை ரசாயனப் பரிசோதனையால் அறியலாமே, வெங்காயம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரசாயனப் பரிசோதனை நாம் தேடும் பொருளை மட்டுமே காட்டும். தேடாத பொருளைக் காட்டாது. சாயம், உப்பு, உலோகம், கரைப்பான் எனப் பல பொருள்கள் கழிவுநீரில் கலந்து கிடக்கின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கலாம். எல்லாம் ஒன்றுகூடி உயிருக்கு என்ன செய்கின்றன என்பதை உயிர் ஒன்றுதான் சொல்ல முடியும்.

வெங்காயத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அதன் வேர் நுனியில் உயிரணுக்கள் ஓயாது பிரிந்து பெருகுகின்றன. ஒவ்வோர் அணுவிலும் 16 குரோமோசோம்களே உள்ளன. அவையும் மிகப் பெரியவை. கல்லூரியில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியிலேயே அவற்றைத் தெளிவாகக் காணலாம்.

இந்த முறைக்கு அடிகோலியவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் லெவான். கால்சிசின் என்னும் பொருள் வெங்காய வேரில் என்ன செய்கிறது என்பதை 1938-இல் அவர் ஆராய்ந்து வெளியிட்டார். பிரியும் அணுவில் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்ணிழைகளை அது குலைத்துவிடுகிறது. குரோமோசோம்கள் போக வழியின்றித் திகைத்து நின்றுவிடுகின்றன. இந்தக் கால்சிசின் நமக்கு அந்நியமான பொருள் அன்று. நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது இதுவே. இதே லெவானும் ஜோ ஹின் ட்ஜியோ என்பவரும்தான் மனிதனின் குரோமோசோம்கள் 46 என்பதை 1956-இல் உலகுக்கு அறிவித்தார்கள். பின்னர் 1985-இல் கெய்ரிட் ஃபிஸ்கெஸ்யோ என்ற சுவீடன் நாட்டு அம்மையார், வெங்காயச் சோதனையைச் சுற்றுப்புற நஞ்சை அளக்கும் ஒழுங்கான முறையாக வகுத்துத் தந்தார்.

சோதனை எளியது. ஒரே அளவான சிறு வெங்காயங்களை எடுத்து, காய்ந்த தோலை நீக்கி, அடிப்பக்கத்திலுள்ள பழைய வேர்த்தழும்பைச் சுரண்டிவிட வேண்டும். பிறகு அடிப்பாகம் மட்டும் நீரில் படும்படி, சோதனைக் குழாய்களின் வாயில் அவற்றை அமர்த்த வேண்டும். சில குழாய்களில் தூய நீர். மற்றவற்றில் பல அளவுகளில் நீர் கலந்து நெகிழ்த்திய கழிவுநீர். சில நாட்களில் வேர்கள் நீளும். நஞ்சு மிகுந்த நீரில் வேர் குட்டையாக நின்றுவிடும். கொக்கிபோல் வளைவதும் உண்டு. இது கண்ணுக்குத் தெரியும் முதற் சாட்சி.

இரண்டாம் சாட்சி நுண்ணோக்கியில் கிடைக்கிறது. வேர் நுனியை வெட்டி, ஆல்கஹாலும் அசெடிக் அமிலமும் கலந்த கலவையில் இட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மென்மையாக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்க்கிறோம். நலமான அணுவில் குரோமோசோம்கள் நடுவே வரிசையாக நின்று, சரிபாதியாகப் பிரிந்து, இரு முனைகளுக்கும் செல்கின்றன. அண்ணன் தம்பிகள் வழக்கின்றிப் பாகம் பிரித்துக்கொள்வது போன்ற காட்சி அது. நஞ்சு தீண்டிய அணுவிலோ, உடைந்த குரோமோசோம்களின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டி, இரு பக்கமும் இழுபட்டுப் பாலம்போல் நிற்கின்றன. துண்டுகள் வழியில் தங்கிவிடுகின்றன. தங்கிய துண்டு புதிய அணுவில் தனியே ஒரு சிறு உருண்டையாகக் கிடக்கிறது. அதற்கு நுண்கரு என்று பெயர். ஆயிரக்கணக்கான அணுக்களை எண்ணி, அவற்றுள் எத்தனை பழுதுபட்டன என்று கணக்கிட வேண்டும். எந்தத் தகடு எந்த நீருக்குரியது என்பதை எண்ணுபவர் அறியாதிருப்பது நன்று. விருப்பு வெறுப்பு கணக்கில் புகுந்தால் சாட்சி பொய்யாகிவிடும் அன்றோ?

வெங்காயம் தனித்து நிற்கவில்லை. 12 குரோமோசோம்களையுடைய விசியா ஃபாபா என்னும் அவரை இனத்தைக் கொண்டு மண்ணின் நஞ்சை அறியும் நுண்கருச் சோதனைக்கு, சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் 2013-இல் ஒரு தரமுறை வெளியிட்டது. டிரடெஸ்காண்டியா என்னும் செடி இன்னும் விந்தையானது. அதன் சில வகைகளில் மகரந்தத் தாளின் மயிர்கள் நீல நிறமுடையவை. நீல நிறத்துக்குரிய மரபணு பழுதுபட்டால், அந்த அணு இளஞ்சிவப்பாக மாறிவிடும். நிறமே கணக்குச் சொல்லிவிடுகிறது!

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. பழுதுக்குக் காரணமான பொருள் எது என்று வெங்காயம் பெயர் சொல்லாது. வெங்காய வேரைக் கெடுத்தது மனிதனையும் அதே அளவில் கெடுக்கும் என்று முடிவு கட்டவும் கூடாது. சில பொருள்கள் மிருகங்களின் ஈரலில் மாற்றம் அடைந்த பிறகே நஞ்சாகின்றன. ஆகவே, வேர் நலமாயிருப்பதால் மட்டும் நீர் குற்றமற்றது என்றும் சொல்ல இயலாது. ரசாயனப் பரிசோதனையும் உயிர்ச் சோதனையும் வண்டியின் இரு காளைகளைப்போல் இணைந்து செல்ல வேண்டும்.

நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பாலாற்றுப் பகுதியின் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஓர் அரிய நெறியை நிலைநாட்டியது. தன் செயலால் சுற்றுப்புறத்துக்குத் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சாரும்; விஞ்ஞானம் முழு உறுதி சொல்லவில்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே அந்நெறி. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம், ஆறு இணைதிறன் கொண்ட வடிவத்தை அடையும்போது மரபணுவைத் தாக்கி, புற்றுநோயை விளைவிக்க வல்லது. அத்தகைய மாற்றம் நேராமல் காப்பதும், நேர்ந்தால் உடனே அறிவதும் ஆற்றங்கரை மக்களின் உயிர்ப் பிரச்சினை.

பெருஞ்செலவான கருவிகள் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு கல்லூரியும், ஒரு நுண்ணோக்கியும், நான்கு வெங்காயமும், பொறுமையும் நேர்மையும் உள்ள மாணவர்களும் இருந்தால் முதல் எச்சரிக்கையை எழுப்பிவிடலாம். பிறக்கப்போகும் குழந்தைக்கு வழக்குரைக்க வாய் இல்லை. அதற்காக இன்று சாட்சி சொல்ல ஒரு வேர் நுனி முன்வருகிறது. அந்தச் சாட்சியத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிவைக்கும் கடமை உங்களுடையது.