பங்கு ஏற்றல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவின் அழைப்பிதழ் அச்சேறிய நாளில், நம் தமிழ் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் நம்மிடம் வந்தான். "ஐயா, பள்ளிக்கூடப் படிவத்தில் 'பார்ட்டிசிபேட்' என்று இருக்கிறது. நம் அழைப்பிதழில் 'கலந்து கொள்க' என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?" என்றான். "ஆம், ஒன்றுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். மாதுங்கா ரயில் நிலையப் படிகளில் ஏறும்போதுதான், சொன்ன விடை பிழையென்று உறைத்தது. அப்பிழையைத் திருத்தும் முயற்சியே இவ்வுரை.

அச்சொல் இலத்தீனிலிருந்து ஆங்கிலம் புகுந்தது. 'பார்ஸ்' என்றால் பங்கு. 'காபெரே' என்றால் எடுத்தல். ஆகவே பங்கெடுத்தல் என்பதே அதன் பிறவிப் பொருள். 'பார்ட்டிசிபேட்' என்பதன் பின் 'இன்' என்னும் இடைச்சொல் வரவேண்டும். நம் 'போட்டியில்' என்பதிலுள்ள ஏழாம் வேற்றுமை உருபுக்கு அது ஒப்பாகும். கூட்டத்துக்கு வந்து அமர்ந்திருப்பதைக் குறிக்கும் 'அட்டெண்ட்' என்னும் சொல்லுக்கு அவ்விடைச்சொல் வேண்டுவதில்லை. உணவைப் பகிர்ந்துண்ணுதற்கு 'பார்ட்டேக்' என்பர். அதன் பின் 'ஆஃப்' வரும். வந்திருத்தல் வேறு, உண்ணல் வேறு, பங்கெடுத்தல் வேறு என்று அம்மொழி மூன்று சொற்களை வைத்திருக்கிறது. நாமோ மூன்றையும் 'கலந்து கொள்ளுதல்' என்னும் ஒரே பைக்குள் போட்டுவிட்டோம்.

தமிழில் சொல் இல்லாமற் போகவில்லை. பங்கு கொள்ளுதல், பங்கெடுத்தல், பங்கேற்றல் என அடுக்கலாம். இவற்றுள் பங்கேற்றல் என்பதே நம் உள்ளங்கவர்ந்தது. எடுத்தல் என்றால் இலாபத்தில் எடுப்பதும் எடுத்தல்தான். ஏற்றல் என்பதிலோ பொறுப்பைத் தோளில் தாங்கும் பொருளும் உண்டு. ஊர் கூடித் தேர் இழுப்போர் பிரசாதம் மட்டும் பெறுவதில்லை. முன்னரே தலைக்கட்டு வரி கொடுத்து, பின்னர் வடமும் பிடிக்கின்றனர்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். வரி கொடுக்க முன்வந்தவரிடமும் வாங்க மறுத்த ஊர்கள் நம் நாட்டில் உண்டு. வரியை மறுத்தால் வடத்தையும் மறுக்கலாம் என்பதே அதன் உட்பொருள். சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமை நெடுங்காலம் வழக்காகி, பல ஆண்டுகள் தேரே ஓடாமல் நின்றது. 2024இல்தான் மீண்டும் ஓடியது. பங்கேற்க ஒருவனுக்கு மனம் மட்டும் இருந்தால் போதாது. மற்றவர் இடமும் விட வேண்டும்.

இடம் விடுவதிலும் போலி உண்டு. அமெரிக்க நாட்டு அம்மையார் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எழுதிய ஒரு கட்டுரையில், குடிமக்களின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழிரண்டு படிகள் பங்கேற்பே அல்ல. தகவல் தருதல், கருத்துக் கேட்டல், சமாதானம் செய்தல் என்னும் அடுத்த மூன்றும் பெயரளவுப் பங்கேற்பு. முடிவு செய்வதில் மக்களுக்கு அதிகாரம் கிடைக்கும் மேல் மூன்று படிகளே மெய்யானவை.

இவ்வேணி நமக்கு எட்டாத நாட்டுச் செய்தியன்று. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் வேரூன்றிய தாராவிக்கு, மறுசீரமைப்புத் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2004இல் வகுத்தது. ஒப்பந்தப் புள்ளிகள் மீண்டும் மீண்டும் கோரப்பட்டு, 2022இல் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். திட்டம் நன்றா, தீதா என்று தீர்ப்புக் கூற இம்மேடை இடமன்று. ஆனால் வீட்டுச் சுவரில் எண் எழுதிச் செல்வது தகவல். கூட்டத்தில் குறை கேட்பது கருத்துக் கேட்டல். எங்கே எத்தகைய வீடு என்னும் முடிவில் குடியிருப்போருக்கும் வாக்கு இருந்தால் அதுவே பங்கேற்பு. 'மக்கள் பங்கேற்புடன்' என்னும் சொற்றொடரை எங்கு கண்டாலும், எந்தப் படியில் நிற்கிறோம் என்று கேட்கப் பழகுவோமாக.

இலக்கணத்தில் இச்சொல்லுக்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. 'பார்ட்டிசிப்பிள்' என்பதும் அதே வேரிற் பிறந்தது. பெயரிலும் வினையிலும் ஒருங்கே பங்கு கொள்வதால் அதற்கு அப்பெயர். அதன் பணியைத் தமிழில் பெரும்பாலும் எச்சங்கள் செய்கின்றன. எனினும் அப்பெயர்க் காரணத்துக்கு மிக நெருங்கியது நம் வினையாலணையும் பெயரே. 'பாடியவளை' என்னும்போது, வினையைப் போல் காலமும் காட்டுகிறது. பெயரைப் போல் வேற்றுமையும் ஏற்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடுவதில்லை.

பம்பாய்த் தமிழரின் நிலையும் அதுவே. 1960களின் பிற்பகுதியில் தென்னாட்டாருக்கு எதிரான குரல் இந்நகரில் ஓங்கி ஒலித்தது. அந்நாளிலும் நாம் இரண்டில் ஒன்றை விடவில்லை. 1932இல் மாதுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகம், தன் கூடங்களில் எல்லா மொழியார் பிள்ளைகளுக்கும் இடம் தந்தது. தமிழிலும் பங்கு, இந்நகரிலும் பங்கு. இரண்டையும் ஏற்றவனே இங்கு வாழ்ந்தவன் ஆவான்.

இனி நம் வீட்டுக்குள்ளும் சற்று நோக்குவோம். விழாவுக்கு நாற்காலி போடுவோர் நால்வர், அமர்வோர் நானூற்றுவர். பந்திக்குச் சமைப்பவர் அன்னையர். கணக்கேட்டில் கையெழுத்திடுவோர் ஆடவர். இதனை எந்தப் படியில் வைப்பது? வரி வாங்கிக்கொண்டு வடம் தராத ஊரை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்க இயலாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு அழைப்பிதழில் 'கலந்து கொள்க' என்பதை நீக்கி, 'பங்கேற்க' என்று அச்சிடுவோம். அதன் கீழே கோலம், அடுக்களை, மேடை, கணக்கு, தமிழ் வகுப்பு எனப் பணிகளைக் குறித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் பெயர் எழுத இடம் விடுவோம். கணக்கின் எதிரில் ஒரு தாயின் பெயரும், மேடையின் எதிரில் கேள்வி கேட்ட அச்சிறுவனின் பெயரும் வருமானால், அவனுக்கு நாம் தர வேண்டிய சரியான விடையைத் தந்தவர்கள் ஆவோம்.