சுவரில் தொங்கும் சேஸ்



'தளவானூர் புல்லட் பட்டறைக்காரன் பேசட்டும்' என்று சொல்லி என்னை மேடையேற்றிவிட்டார்கள். படிக்கிற காலத்தில் மேடைப் பக்கமே வராதவன் நான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது குடும்பப் பட்டறை. எஞ்சின் அப்பா, டிங்கரிங்கும் பெயிண்டும் தம்பி, வெல்டிங் நான், கணக்கு அம்மா. பழைய புல்லட்டைப் பிரித்து, ஓட்டுகிறவருக்கு ஏற்றபடி புதுசாக்கிக் கொடுப்பது தொழில். சென்னை திருவொற்றியூரில் 1955-இல் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்த பரம்பரை அந்த வண்டி. அதன் டேங்கில் ஓடும் தங்கக் கோட்டை ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள் தூரிகை பிடித்துக் கையாலேயே போட்டார்கள் என்று கேட்டிருப்பீர்கள். எங்கள் தம்பிக்கும் அவர்கள்தான் மானசீக குரு.

'வண்டி ஆளுக்குத் தைச்ச சட்டை மாதிரி இருக்கணும்டா' என்பார் அப்பா. குள்ளமானவருக்கு சீட் நுரையைக் குறைப்பார். கைக்கேற்ப லீவரைத் திருப்பி வைப்பார். சேஸில் மட்டும் ரம்பம் வைக்க மாட்டார்.

2009-இல் செஞ்சியிலிருந்து ஒரு தம்பி வந்தான். கையில் அமெரிக்க சாப்பர் வண்டிப் படம். முன்சக்கரம் ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டுமாம். அப்பா திண்டிவனத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். படித்த திமிர் எனக்கு. ஹெட் பைப்பை வெட்டி, சாய்த்து, பற்றவைத்து, நீள ஃபோர்க் மாட்டிவிட்டேன். திரும்பி வந்த அப்பா பார்த்தார். 'பிரிச்சுப் போடு' என்றார். அவ்வளவுதான். நான் கேட்கவில்லை. காசு வாங்கி வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

நாலாம் மாதம் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டு, ஓடும்போதே கழுத்து உடைந்தது. அந்தத் தம்பிக்குத் தோள் எலும்பு முறிவு. உயிர் தப்பியது தெய்வாதீனம்.

பிறகுதான் புத்தகத்தில் படித்தது புத்தியில் ஏறியது. பற்றவைத்த இடத்தை விட, சூடு பட்ட அதன் ஓரம்தான் பல சமயம் முதலில் விரியும். பழைய புல்லட்டில் எஞ்சினுக்கு அடியில் சேஸ் குழாய் கிடையாது. எஞ்சினும் சேர்ந்துதான் பாரம் தாங்குகிறது. சாய்வை மாற்றினால் குழியில் விழும் ஒவ்வொரு அடியும் கழுத்தில் வேறு மாதிரி இறங்கும். நான் கணக்குப் போடவே இல்லை.

அப்பா தன் சொந்த புல்லட்டை விற்று ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார். அந்தப் பையனின் அம்மாவிடம், 'தப்பு எங்க பட்டறையோடதும்மா' என்றார். 'என் பையனோடது' என்று சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மறுநாள் என்னை எங்கள் ஊர் மகேந்திரவர்மன் குகைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். தூணைத் தொட்டுக் காட்டி, 'உளி ஒரு அடி தப்பியிருந்தா இந்தக் கல்லை ஒட்டவைக்க முடியுமா?' என்றார். வேறொன்றும் பேசவில்லை.

சட்டமும் அதையே சொல்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத்துத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'அழகா இருக்கும், செய்ங்க' என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்லிவிடுகிறோம். பாதிப் பேர் போய்விடுகிறார்கள். போகட்டும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். கோடை விடுமுறையில் நம் மாணவர்கள் இரண்டு பேரை அனுப்புங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில். முதல் வாரம் வெல்டிங் ராடைத் தொட விடமாட்டேன். அந்த உடைந்த சேஸ் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்க்கட்டும். அப்பா வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். மீதியை அவர் சொல்வார்.