ஈரல் புழுவும் நமது ஆட்டுத் திட்டமும்

(ஆடு பெறும் பயனாளிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நமது அறக்கட்டளை விதவைப் பெண்களுக்கு வழங்கிய ஆடுகளில் இரண்டு, மழைக்காலம் முடிவதற்குள் மடிந்தன. தாடைக்குக் கீழே நீர் கோத்து, உடல் மெலிந்து செத்தன. கால்நடை மருத்துவர் ஈரலை அறுத்து, உள்ளே இலை வடிவில் கிடந்த தட்டைப்புழுக்களைக் காட்டினார். தவறு எங்களுடையது. சந்தையில் வாங்கிய ஆடுகளைச் சோதிக்காமல் அன்றைக்கே உங்கள் கையில் கொடுத்துவிட்டோம்.

இந்தப் புழுவின் முட்டை புழுக்கையோடு வெளியேறி, தண்ணீரில் பொரித்து, சிறு நத்தைக்குள் புகுகிறது. அங்கே ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகுகிறது. பிறகு வெளியே வந்து நீரோரப் புல்லில் கடுகிலும் சிறிய கூடாக ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லை மேயும் ஆட்டின் ஈரலுக்குப் போய்ச் சேருகிறது. 1880களில் இங்கிலாந்தில் தாமஸும் ஜெர்மனியில் லூக்கார்ட்டும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள்.

காலில்லாத இந்தப் புழு கண்டம் கடந்த கதையை அதன் மரபணு சொல்கிறது. தென் அமெரிக்காவின் பொலிவியாவில், ஏறக்குறைய 4,000 மீட்டர் உயர மேட்டுநிலத்தில் இந்நோய் குழந்தைகளை மிக அதிகமாகத் தாக்குகிறது. அங்குள்ள புழுவும் அதைச் சுமக்கும் நத்தையும் ஐரோப்பிய வகையே. ஸ்பானியர்கள் ஓட்டிச்சென்ற ஆடுமாடுகளோடு வந்தவை அவை. குளிர்நாட்டுப் புழு ஃபேசியோலா ஹெபாடிகா. நம் நாட்டில் பெரும்பாலும் இருப்பது ஃபேசியோலா ஜைகாண்டிகா. கிழக்காசியாவில் இரண்டும் கலந்து, விந்தணு இல்லாமலேயே பெருகும் கலப்பினங்களும் உண்டாகியிருக்கின்றன.

இதில் நமக்கு என்ன பாடம்? 2017இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று, அந்நாட்டுப் பண்ணைகளின் புழுக்களுக்குள் வட்டார வேறுபாடே இல்லாதபடி மரபணு கலந்திருப்பதைக் காட்டியது. கால்நடைகள் ஊர் விட்டு ஊர் போகும்போது புழுவும் கூடவே போவதே காரணம். இப்புழுவுக்கான முக்கிய மருந்து ட்ரைகிளாபெண்டசோல். அதற்கு அடங்காத புழுக்கள் 1990களிலேயே ஆஸ்திரேலியாவில் தென்பட்டன. அப்படிப்பட்ட புழுவை ஓர் ஆடு சுமந்து வந்தால், ஓர் ஊரின் மேய்ச்சல் நிலமே பாழாகும். நாம் தருவது உதவியா, நோயா என்பது வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

ஆகவே இவ்வாண்டு முதல், வாங்கிய ஆடுகளைத் தனிக் கொட்டிலில் வைத்து, புழுக்கையைச் சோதித்து, கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, ஆட்டின் எடைக்கேற்ற அளவில் கொடுத்த பிறகே வழங்குவோம். மருந்து கேட்டதா என மறுபடியும் சோதிப்போம்.

நீங்கள் செய்ய வேண்டியது: குளத்தோரச் சேற்றிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஆட்டை மேய்க்காதீர்கள். நீரோரம் பறித்த கீரையைப் பச்சையாக உண்ணாதீர்கள். இந்நோய் மனிதரையும் பிடிக்கும். குர்பானி ஆட்டின் ஈரலில் புழு தெரிந்தால் பதற்றம் வேண்டாம். ஈரலில் வளர்ந்த புழு, தின்பவரின் ஈரலில் குடியேறாது. இறைச்சியைக் கொட்டிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கழித்த ஈரலைக் குளத்தில் வீசாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

ஆடு இழந்த இரு சகோதரிகளுக்கும் மாற்று ஆடு முதலில் வழங்கப்படும். பொதுமக்கள் தந்த பணம் எங்களிடமுள்ள அமானிதம். அதைச் சரியாக நிறைவேற்ற அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!