குலுக்கலில் விழுந்த வீடு



செவிலியம், சமூகப்பணி, கட்டடப் பொறியியல் என மூன்று துறைகளில் பட்டம் பெறும் மாணவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். மூன்று துறையினருக்கும் சேர்த்துச் சொல்ல என்னிடம் ஒரு நகரத்தின் கதை இருக்கிறது.

ஜப்பானின் கோபே. 1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46 மணிக்கு நிலம் நடுங்கியது. கனத்த ஓட்டுக்கூரையைத் தாங்கி நின்ற பழைய மரவீடுகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே அமர்ந்துவிட்டன. இறந்தவர்கள் 6,434 பேர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பள்ளிக்கூடங்களிலும் பூங்காக்களிலும் ஒதுங்கினார்கள். பள்ளிக்கூடம் முகாமானதும் ஆசிரியர்கள்தான் முகாமை நடத்த வேண்டியிருந்தது.

முகாம் என்றதும் எல்லோரும் சோற்றையும் துணியையும் பற்றிக் கேட்பார்கள். நான் கழிப்பறையைப் பற்றிச் சொல்கிறேன். குழாயில் தண்ணீர் நின்றதும் கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. ராத்திரிக் குளிரில் எழுந்து, படுத்திருப்பவர்களைத் தாண்டி வெளியே போக வயதானவர்களுக்குத் தயக்கம். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். உடம்பு வறண்டது, நெஞ்சில் சளி கட்டியது, நிமோனியா வந்தது. இடிபாட்டில் சாகாமல் தப்பி, பிறகு குளிரிலும் நோயிலும் அலைச்சலிலும் போனவர்கள் தொள்ளாயிரத்துக்கும் மேல். செவிலியம் படித்த பிள்ளைகளே, முகாமுக்குள் போனதும் மருந்துப்பெட்டியைத் திறக்கும் முன்னால் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம், காலையிலிருந்து எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேளுங்கள்.

கோபேயில் நகாதா என்ற பகுதியில் செருப்புத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த வியட்நாம் அகதிகள் இருந்தார்கள். நாட்டை விட்டு வந்தவர்கள் இப்போது வீட்டையும் இழந்து, பூங்காவில் தார்ப்பாய்க்குள் குடும்பம் நடத்தினார்கள். ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர் அவர்களிடம் வந்தார். மணல்மூட்டை நிரப்பிய பீர் பெட்டிகளை அடித்தளமாக வைத்து, கெட்டியான காகிதக் குழாய்களை வரிசையாக நிறுத்திச் சுவராக்கினார். இந்த வீடுகளைக் கட்டித் தந்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள், உங்கள் வயதுக்காரர்கள்.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். கோபே அடங்கிய ஹ்யோகோ மாகாண அரசு சுமார் 48,300 தற்காலிக வீடுகளைக் கட்டியது. ஏழே மாதத்தில் கட்டிமுடித்தார்கள். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். வீடுகளை எப்படிக் கொடுப்பது? வயதானவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் முன்னுரிமை, மற்றபடி குலுக்கல். இதைவிட நேர்மையான விதியை இந்த அரங்கில் யாராலும் சொல்லிவிட முடியாது. இரக்கத்தோடு எழுதிய விதி அது. ஆனால் நகருக்குள் காலியிடம் போதாமல் பல வீடுகள் ஊருக்கு வெளியே மேட்டு நிலத்திலும், கடலைத் தூர்த்த தீவுகளிலும் இருந்தன. ஐம்பது வருஷம் ஒரே தெருவில் இருந்தவர்களைக் குலுக்கல் எட்டுத் திசைக்கும் பிரித்துப் போட்டது. தள்ளாதவர்களும் நோயாளிகளும், ஒருவரையொருவர் முன்பின் தெரியாமல், ஒரே வரிசையில் வந்து சேர்ந்தார்கள். காய்கறிக் கடைக்காரரின் விசாரிப்பு இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. பல ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார்கள். 2000 ஜனவரியில் கடைசிக் குடும்பம் வெளியேறும் வரை, அந்த வீடுகளில் தனியாக இறந்து கிடந்து, பிறகே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 233 பேர். எனக்கு இந்த எண்ணைச் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை. அவர்கள் எல்லோருக்கும் கூரை கிடைத்திருந்தது.

ஹிரோகோ குரோதா ஒரு செவிலியர். பெரிய மருத்துவமனையில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர், வேலையை விட்டுவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தற்காலிக வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்றில் கூடாரம் போட்டுத் தங்கினார். இரவு பகலாக வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டினார். இப்படிக் காவல் இருந்தவர்கள் எதைப் பார்த்தார்கள் தெரியுமா? வாசலில் செய்தித்தாள் சேர்கிறதா, காயப்போட்ட துணி இருட்டிய பிறகும் கொடியில் கிடக்கிறதா, பகலிலும் விளக்கு எரிகிறதா. சமூகப்பணி மாணவர்களே, உங்கள் பாடப்புத்தகத்தில் இது எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

கோபே அழுதது வீண்போகவில்லை. 2004 அக்டோபரில் நீகாதாவில் நிலம் நடுங்கியபோது, யமகோஷி என்ற மலைக்கிராமம் முழுவதையும், இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை, ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். அவசரத்தில் முகாம்களில் கலந்து தங்கவைத்தவர்களை மறுபடி எழுப்பி, அந்தந்தக் குக்கிராமத்தார் ஒரே கூரையின்கீழ் இருக்கும்படி மாற்றினார்கள். இரட்டை வேலைதான், ஆனாலும் செய்தார்கள். தற்காலிக வீடுகளையும் அதே கணக்கில்தான் பங்கிட்டார்கள்.

பொறியியல் மாணவர்களுக்கு ஒன்று. தற்காலிக வீடுகளை எல்லா வாசலும் ஒரே திசை பார்க்கும்படி வரிசையாக அடுக்குவதுதான் வழக்கம். கதவைத் திறந்தால் முன்வீட்டின் முதுகுதான் தெரியும். 2011-இல் கடல் பொங்கி அழித்த கமைஷியில், ஹெய்தா என்ற இடத்தில், வரிசைகளைத் திருப்பி வாசலுக்கு எதிர் வாசல் வைத்தார்கள். நடுவே மரப்பலகைத் திண்ணை போட்டு, மேலே கூரையும் வேய்ந்தார்கள். மழைநாளிலும் செருப்பு நனையாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டலாம்.