பச்சை உடம்பு



பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று கொங்கு நாட்டுப் பாட்டிமார் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சூளையில் வேகாத குடத்தைப் பச்சை மண் என்கிறோம். ஆறாத புண்ணைப் பச்சைப் புண் என்கிறோம். பெற்ற உடம்பும் அத்தகையதே என்று கண்டு பெயரிட்டவர்கள் நுட்பமானவர்கள். ஆனால், அந்த உடம்பினுள்ளே நிகழ்வது என்ன என்பதைப் படிக்கும் வயதில் யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. பாடநூலில் கருவின் வளர்ச்சி படமும் விளக்கமுமாக வருகிறது. அக்கருவைச் சுமந்தவள் பட்ட பாடு பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. பெண்கள் அதனைப் பட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஆண்களோ தெரிந்துகொள்ளாமலே தந்தையராகிவிடுகிறார்கள். எனவே, இன்றைய பேச்சு மாணவியருக்கு மட்டும் உரியதன்று.

மசக்கை என்றால் வாந்தியும் புளிப்பின்மேல் ஆசையும் என்பது எல்லாரும் அறிந்தது. மண்ணைத் தின்னத் தோன்றும் என்பது பலர் அறியாதது. புதுமழையில் நனைந்த செம்மண், அடுப்புச் சாம்பல், திருநீறு, சுவரின் காரை, ஊறாத அரிசி, இவற்றில் ஏதேனும் ஒன்றன்மேல் அடங்காத வேட்கை எழும். அவள் வெட்கப்பட்டு அதனை மறைத்துவிடுவாள். இது நேற்று இன்று தோன்றியதன்று. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர மன்னனைப் புகழ்கிறார். அவன் நாட்டு மண்ணைச் சூல்கொண்ட பெண்கள் ஆசையால் உண்பதுண்டு, பகைவரால் அதனைக் கொள்ள இயலாது என்பது அவர் சொல்லும் பொருள். இரும்பொறைச் சேரரின் பெயர் பொறித்த கல்வெட்டு கரூரை அடுத்த புகளூரில் இருக்கிறது. ஆகவே, அப்பெண்கள் உண்டதும் நம் கொங்கு மண்ணாகவே இருந்திருக்கலாம்!

புலவர் அதனை அரசனின் பெருமையாகப் படித்தார். மருத்துவர் வேறு விதமாகப் படிப்பார். மண் தின்னும் வேட்கை பலரிடம் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து காணப்படுவது. மண்ணைத் தின்பதால் அக்குறை தீராது. புழுவின் முட்டைதான் வயிற்றுக்குள் போகும். ஆகவே, மகளோ மருமகளோ சுவரைச் சுரண்டித் தின்பதைக் கண்டால் அதட்டுவதைவிட, அவள் இரத்தத்தைச் சோதிக்கச் செய்வதே அறிவுடைமை.

இரத்தத்தின் கதையே தனிக் கதை. கருவுற்ற பெண்ணின் உடம்பில் ஓடும் இரத்தம், முன்பிருந்த அளவைப்போல் 100க்கு 40 முதல் 50 பங்கு வரை கூடுகிறது. ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் புதிய இரத்தம்! ஆனால், அதில் நீர்ப்பகுதி பெருகும் அளவுக்குச் சிவப்பணுக்கள் பெருகுவதில்லை. இருந்த தயிரில் சிறிது தயிரும் நிறைய நீரும் சேர்த்துக் கடைந்ததுபோல் இரத்தம் சற்று நெகிழ்ந்துவிடுகிறது. இதயம் முன்னிலும் மிகுதியாக இறைக்க வேண்டியிருக்கிறது. வயிறு தெரியாத மூன்றாம் மாதத்திலேயே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதே என்று பெண்கள் திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கருக்காலம் முழுவதற்கும் அவளுக்குத் தேவைப்படும் இரும்பு ஏறத்தாழ ஒரு கிராம். கேட்பதற்குச் சிறிய அளவு. அதனைச் சோற்றிலிருந்தும் குழம்பிலிருந்தும் திரட்டுவது எளிதன்று.

இரத்தச் சோகையைப் பற்றிய ஒரு பெரிய கண்டுபிடிப்பில் நமக்கு மிக அருகிலுள்ள ஓர் ஊருக்கும் பங்குண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயில் ஏறிப் போகிறோமே, அந்தக் குன்னூர். 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள், கருவுற்றபோது கொடிய சோகையால் மாண்டுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பருத்திருந்தன. லூசி வில்ஸ் அவர்களுடைய மருத்துவத்தை மட்டும் பாராமல் உண்கலத்தையும் பார்த்தார். காய், கீரை, பழம் அதில் அரிதாகவே இருந்தன. பிறகு குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில், இராபர்ட் மக்காரிசன் நடத்திவந்த உணவாராய்ச்சிக் கூடத்தில் விலங்குகளுக்கு அத்தகைய உணவையே கொடுத்து ஆராய்ந்தார். மார்மைட் என்று கடையில் விற்கும் மலிவான ஈஸ்ட்டுச் சாற்றைக் கொடுத்ததும் சோகை தெளிந்தது. 1931இல் அம்முடிவை வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த பொருள் இன்னது என்று அப்போது தெரியவில்லை. 1941இல் அமெரிக்காவில் பசலைக்கீரை வகை ஒன்றை டன் கணக்கில் அரைத்துப் பிரித்தெடுத்தபோதுதான், இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

கோவையும் பஞ்சாலை ஊர்தான். இங்கே முதல் ஆலை எழுந்தது 1888இல். லூசி வில்ஸ் பிறந்ததும் அதே ஆண்டில். பம்பாய்ப் பெண்களின் தட்டில் இல்லாதது நம் வேலியோரத்தில் முளைக்கிறது. முருங்கைக்கீரை, பண்ணைக்கீரை, தண்டுக்கீரை, தட்டைப்பயறு ஆகியவற்றில் அச்சத்து உண்டு. நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் அதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். இவ்வளவு இருந்தும், 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சோகை உடையவர்களாகக் காணப்பட்டார்கள். அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கின்றன. மலம் கறுக்கிறது, வயிறு கட்டுகிறது என்று அதனைப் பரணில் போட்டுவிடுகிறவர்கள் பலர். கறுப்பது இரும்பின் இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை.

மற்றொரு செய்தி என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துவது. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டு வடமும் ஆகப்போகும் குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. தான் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் ஐயுறக்கூடத் தொடங்காத நேரம் அது! கருவுறுமுன்னரே ஃபோலிக் அமிலம் உண்டுவந்தால், அக்குழாய் மூடாமற்போகும் குறைகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்பது 1991இல் வெளியான ஆராய்ச்சியால் உறுதியாயிற்று. நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் அதற்குக் காலம் கடந்துவிடுகிறது.

சில்லறை வியப்புகளும் உண்டு. சளி இல்லாமலே மூக்கடைக்கும். பல் துலக்கினால் ஈறு கசியும். உடம்பின் தசைநார்கள் நெகிழ்வதால் இடுப்பு அசைந்தாடும், பாதம் தட்டையாகி நீளும். இவை பெரும்பாலும் தீங்கற்றவை. கடுந்தலைவலியோடு கண் மங்குவதும், முகமும் கையும் திடீரென்று வீங்குவதும் அப்படியல்ல. அவை இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரப்போவதன் முன்னறிவிப்பாகலாம். அத்தகைய வலிப்பு பிள்ளை பிறந்த பின்னும் வருவதுண்டு.

இனிப் பேற்றுக்கு வருவோம். பிள்ளை பிறந்தவுடன் வீட்டார் கண்ணெல்லாம் தொட்டிலின்மேல் போய்விடுகிறது. தாய்க்கு மிக ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் ஏறத்தாழ ஒரு சாண் அகலமுள்ள பச்சைப் புண். 'பச்சை உடம்பு' என்ற சொல் எவ்வளவு பொருத்தமானது, பாருங்கள்! நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி கழன்றதும் அத்தனை குழாய்களும் வாய்திறந்து நிற்கின்றன. அவற்றை யார் தைப்பது? யாரும் தைக்க வேண்டியதில்லை. கருப்பையின் தசை இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அக்குழாய்களைச் சுற்றி ஓடுகின்றன. கருப்பை சுருங்கும்போது ஒவ்வோர் இழையும் சுருக்குக் கயிறுபோல் இறுகிக் குழாயை அடைக்கிறது. கருப்பை சுருங்காமல் தொளதொளத்துக் கிடந்தால், சில நாழிகைக்குள் ஓர் உயிர் வடிந்துபோகும். முன்பே சோகையுற்றவளுக்கு அவ்வளவு நேரங்கூட வேண்டியதில்லை. இரத்தம் நெகிழ்ந்த கதையை இத்துணை நேரம் சொன்னது இதற்காகத்தான்.

கருப்பையைச் சுருங்கச் செய்வது ஆக்சிடோசின் என்னும் சுரப்பு. மூளையின் அடியிலுள்ள சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்கும் என்பதை 1906இல் ஹென்றி டேல் கண்டறிந்தார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதனைச் செயற்கையாக ஆக்கி, 1955இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். பிள்ளை பிறந்தவுடன் மருத்துவமனையில் தாய்க்குப் போடும் ஊசி பெரும்பாலும் அதுவே. ஆயினும், அதே சுரப்பை ஊசி இல்லாமல் வரவழைப்பவர் ஒருவர் உண்டு. அவர் பிறந்த குழந்தை. குழந்தை மார்பில் வாய்வைத்துச் சப்பும்போதெல்லாம் தாயின் உடம்பில் அச்சுரப்பு ஊறுகிறது, பால் இறங்குகிறது, கூடவே அடிவயிறு பிசைந்து வலிக்கிறது. 'பெற்று முடித்த பிறகும் ஏன் இந்த வலி?' என்று தாய் அஞ்சுகிறாள். முதற்பேற்றைவிட இரண்டாம், மூன்றாம் பேற்றில் அது மிகுதி. அந்த வலி புண்ணின் வாயைக் கட்டும் வலி.

இங்கே நம்மவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. காங்கயம் மாடு வளர்க்கும் குடியானவர் எவரையும் கேளுங்கள். கன்று விழுந்ததும் எழுப்பி நிறுத்தி, மடியில் வாய்வைத்துச் சீம்பால் குடிக்கவிடுவார். நஞ்சுக்கொடி முழுதும் விழும்வரை மாட்டை விட்டு அகலமாட்டார். விழுந்ததை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவார். தொழுவத்தில் இத்துணைத் தெளிவோடிருந்த அதே வீடுகளில், பெண் பெற்றபோது மஞ்சள் நிறமான முதற்பாலைக் கெட்டபால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்தார்கள். குழந்தை நோயெதிர்க்கும் சத்தை இழந்தது. தாய் புண்ணைக் கட்டும் சுருக்கத்தை இழந்தாள். இப்போது பேறு பெரும்பாலும் மருத்துவமனையில் நடப்பதால் இவ்வழக்கம் மிகவும் குறைந்திருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் மட்டும் இன்னும் சில கைப்பைகளில் ஒளிந்து வருகிறது.

பெற்றவுடன் பல் கிட்டும்படி நடுக்கம் காண்பதும் பலர் எதிர்பாராதது; அது சிறிது நேரத்தில் தானே அடங்கும். அடுத்த நாட்களில் வியர்வை ஊற்றெடுக்கும். இரவில் சேலை நனையும். நீர் மிகுதியாகப் பிரியும். கருக்காலத்தில் உடம்பு சேர்த்துவைத்த நீர் வெளியேறுகிறது. பாலுக்கும் நீர் வேண்டும். ஆகவே, தாகம் வாட்டும். அந்த நேரம் பார்த்து, 'பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடும்' என்று சொம்பை ஒளித்துவைப்பது கொடுமை. பெற்ற சில வாரங்களுக்கு இரத்தம் எளிதில் உறையும் தன்மையோடிருக்கும். தண்ணீரும் இல்லாமல், எழுந்து நடமாடவும் விடாமல் கிடத்திவைத்தால், காலின் குழாயில் இரத்தம் கட்டிக்கொள்ளலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதனை வாயு என்று ஒதுக்கிவிடக் கூடாது. செலவுச் சாமான் அரைத்து வைக்கும் இரசத்தின்மேலும் மருந்து உருண்டையின்மேலும் எனக்குப் பகை இல்லை. மிளகும் சுக்கும் பூண்டும் வாய்க்கு இதமானவை. கொடுப்பதில் தவறில்லை, கீரையையும் தண்ணீரையும் மறுப்பதில்தான் தவறு.

மூன்றாம் நாளையொட்டிப் பால் கட்டி மார்பு கல்லாகும். ஏறத்தாழ அதே நாளில், காரணமின்றிக் கண்ணீரும் வரும். 'பிள்ளை பெற்ற மகராசி அழலாமா?' என்பார்கள். ஓரிரு வாரத்தில் அது தெளியும். தெளியாமல், உறக்கமும் பசியும் அற்று, குழந்தையின் முகம் பார்க்கவும் மனமில்லாமல் நீடித்தால் அது நோய். அதற்கு மருத்துவம் உண்டு. மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொத்துக்கொத்தாக உதிரும். குழந்தை முகம்பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் பருவம் அதுவாகையால், பிள்ளை சிரிக்கச் சிரிக்கத் தாய்க்கு முடி கொட்டும் என்று ஒரு நம்பிக்கையே உண்டு. கருக்காலத்தில் உதிராமல் நின்ற முடிதான் சேர்ந்து உதிர்கிறது, மீண்டும் முளைக்கும்.

1961ஆம் ஆண்டு மகப்பேற்று உதவிச் சட்டம், பெற்ற பெண்ணிடம் 6 வாரம் வரை முதலாளி வேலை வாங்கலாகாது என்று விதித்தது. 2017இல் ஊதியத்தோடு கூடிய விடுப்பு, முதல் இரு பேற்றுக்கு 26 வாரமாக உயர்ந்தது. ஆலைப் பெண்ணுக்குக் கிடைத்த அப்பயன் ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் காட்டில் களையெடுக்கும் பெண்ணை எட்டவில்லை. அவளுடைய கருப்பையும் அதே கணக்கில்தான் சுருங்குகிறது. பெற்ற அன்று கொப்பூழ் மட்டத்தில், ஒரு கிலோ எடையில் இருப்பது, நாளுக்கு ஒரு விரற்கடையாக இறங்கி, ஆறாம் வார முடிவில் கைப்பிடி அளவுக்குத் திரும்புகிறது. ஒரு சாண் அகலப் புண் தழும்பின்றி ஆறுகிறது. கூடிய இரத்தம் வடிகிறது. இதயம் பழைய நடைக்கு வருகிறது. பாதம் மட்டும் சிலருக்குப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. கலியாணத்துக்கு வாங்கிய செருப்பு அப்புறம் தங்கைக்குப் போகிறது.